வழிநூல்

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாள் சொன்னது:
"2022 செட். பிரிக்காதீங்க."
பிரித்தோம்.

கேரம்போர்டின் ஒரு மூலையை அறுத்துச் செய்த உடம்பு.
சிவப்பு வட்டத்தில் பாதி
இன்னும் அதன் முதுகில் இருக்கிறது.
மஞ்சள் மோட்டார் இரண்டு.
வலப்பக்கச் சக்கரத்துக்கு மட்டும்
சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிய வளையம்.
யாரோ ஒரு ஜெரால்டு, யாரோ ஒரு ஹேமாவதி,
பிளஸ் டூ முடித்து எங்கெங்கோ போய்விட்டார்கள்.
அவர்கள் உருக்கி ஊற்றிய பசை
நூல்நூலாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

கருப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் வண்டி அது.
எங்களுக்கு வேண்டியது,
மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில்
பஸ்ஸுக்கு முன்னால் இறங்கி
தண்ணீர் எத்தனை அடி என்று சொல்லும் வண்டி.
முதலிலிருந்து செய்ய
பதினேழு நாளும் அறுநூற்று நாற்பது ரூபாயும் போதாது.
எனவே அவர்கள் வண்டியின் தலையில்
எங்கள் கம்பத்தை நட்டோம்:
ஆறு கம்பிகள், ஒன்றன் மேல் ஒன்று.
எந்தக் கம்பி வரை நனைகிறதோ அதுவே ஆழம்.
மூளைக்கு ஒரு டிபன் டப்பா. மூடி இறுகலாக.

நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்தோம்.
முன்சக்கரத்துக்கும் பலகைக்கும் இடையில்
பழைய ஐந்து ரூபாய்க் காசு. தடிச்சது.
"எவனோ உண்டியல் வச்சிருக்கான்டா"
என்று குபேந்திரன் நெம்பி எடுத்தான்.
அன்று சாயங்காலம் வியாசர்பாடி மார்க்கெட் வாசலில்
அது சூடான கடலையாகி
மூன்று வாய்களில் தீர்ந்தது.

மறுநாள் வண்டிக்குக் கண் தெரியவில்லை.
கோட்டின் மேலேயே நின்றுகொண்டு
கோட்டைத் தேடியது.
பெஞ்சுக் காலில் முட்டியது, பின்வாங்கியது,
அதே காலில் மறுபடியும் முட்டியது.

நான் வயரைக் குற்றம் சொன்னேன்.
குபேந்திரன் பேட்டரியை,
பேட்டரி விற்ற ரிச்சி தெரு ஆளை,
கடைசியில் ஜெரால்டை:
"என்னத்த கட்டி வச்சிருக்கானுங்க."
நிலோஃபர் புரோகிராமை வரிவரியாகப் படித்தாள்.
அறுபத்தி இரண்டாவது வரிக்குப் பக்கத்தில்
ஹேமாவதி எழுதியிருந்தாள்:
ஏன்னு தெரியல, ஆனா ஓடுது.

நாலாம் நாள்
நிலோஃபர் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள்.
சென்சார் தரையை உரசாத குறை.
சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பவனிடம்
சுவர் என்ன நிறம் என்று கேட்டால்?
எழுந்தாள். துப்பட்டாவில் தூசி தட்டினாள்.
"அஞ்சு ரூபாய்க்கு அவங்க
ரெண்டு மில்லிமீட்டர் வாங்கியிருக்காங்க.
நீ கடலை வாங்கின."

அப்புறம் தடித்த காசு தேடி அலைந்தோம்.
பால் பூத், டீக்கடை, கண்டக்டர் பை.
எல்லார் கையிலும் மெல்லிசுதான் இருந்தது.
கடைசியில் மெக்கானிக் ஷாப் வாஷர் இரண்டு,
நடுவே என் போன வருஷத்து பஸ் பாஸில் ஒரு துண்டு,
என் போட்டோவில் நெற்றி வரும் பகுதி.
வண்டி கோட்டைப் பார்த்தது.
டியூப் வளையத்தை யாரும் தொடவில்லை.
அது ஏன் வலப்பக்கம் மட்டும் என்று
இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

போட்டிப் படிவம் வந்தது. ஏழாவது கேள்வி:
இது உங்கள் சொந்த வடிவமைப்பா? ஆம். இல்லை.
இரண்டு கட்டங்கள்.
"ஆம்" என்றான் குபேந்திரன். "இல்லை" என்றாள் நிலோஃபர்.
பேனா என் கையில்.

காலாண்டுத் தமிழில்
நான் கோட்டை விட்ட இரண்டு மார்க் கேள்வி
அப்போது வந்து நின்றது.
முன்னே ஒருவர் செய்தது முதல்நூல்.
அதன் வழியே போய்,
வேண்டிய இடத்தில் மட்டும் விலகுவது இன்னொன்று.
விடைத்தாளில் எழுதாத அந்தச் சொல்லை
இரண்டு கட்டங்களுக்கும் நடுவே எழுதினேன்.

குழு உறுப்பினர்களுக்கு நாலு வரிதான் விட்டிருந்தார்கள்.
மூன்றில் நாங்கள்.
நாலாவதில், எறும்பு எழுத்தில்,
ஜெரால்டு, ஹேமாவதி (இனிஷியல் தெரியாது),
பெயர் தெரியாத இருவர்.
கேரம்போர்டு யார் வீட்டுடையது என்று
கேட்டுப் பார்த்தோம், யாருக்கும் நினைவில்லை.
அதற்கும் கொஞ்சம்
இடம் விட்டு வைத்தேன்.